பெரியம்மாவின் மருந்துப் பைக்கு எத்தனை மதிப்பெண்?

"அஞ்சே மருந்துதானே, இதுல என்ன குழப்பம்?" என்றான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா மகன். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று பையைக் கொட்டினேன்.

ஒருவர் மருந்து எடுக்கும் முறை எவ்வளவு சிக்கலானது என்று அளக்கவே எம்.ஆர்.சி.ஐ. (Medication Regimen Complexity Index) என்ற அளவுகோல் இருக்கிறது. மதிப்பெண் கூடினால் சிக்கலும் கூடுதல். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டது. மொத்தம் 65 உருப்படிகள், மூன்று பகுதிகள்.

முதலில், லேபிளில் உள்ளதை அப்படியே தாளில் எழுதுங்கள். வீட்டில் எப்படிப் போடுகிறார்கள் என்பது வேறு கதை.

பகுதி அ, மருந்தின் வடிவம். மாத்திரைக்கு 1, இன்சுலின் பேனாவுக்கு 3, அமுக்கி உறிஞ்சும் இன்ஹேலருக்கு 4. ஒரு வடிவத்துக்கு ஒரே தடவைதான் மதிப்பெண். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். பெரியம்மாவுக்கு மாத்திரை மூன்று வகை, ஆனாலும் 1தான். கூட்டினால் 8.

பகுதி ஆ, எத்தனை தடவை. இதை மருந்து மருந்தாக எண்ண வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் தினம் இரு வேளை: 2. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், இன்சுலின் மூன்றும் தினம் ஒரு வேளை வீதம்: 3. தேவைப்பட்டால் மட்டும் இன்ஹேலர்: 0.5. ஆக 5.5.

பகுதி இ, கூடுதல் குறிப்புகள். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு (1), ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை (1). சிம்வாஸ்டாட்டினும் இன்சுலினும் இரவில் (2). இன்ஹேலர் இரண்டு அமுக்கு (1). ஆக 5.

மொத்தம் 18.5. உச்ச வரம்பு கிடையாது. தேவைப்படும்போது மட்டும் போடும் ஒற்றை மாத்திரைக்கு 1.5, அதுதான் அடிமட்டம்.

எனக்கு வியப்பு இன்ஹேலர்தான். எப்போதாவது எடுப்பது, ஆனால் அது மட்டும் 5.5! அம்லோடிபினை எடுத்துவிட்டாலும் குறைவது வெறும் 1. மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது. இரண்டு மெட்ஃபார்மினுக்குப் பதில் அதே அளவுள்ள ஒரே மாத்திரை கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேட்கலாம், அதில் 1 குறையும். நீங்களாக எதையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

புரட்டாசி சனிக்கிழமை பெரியம்மா விரதம். அன்று "சாப்பாட்டோடு" என்றால் எப்போது? அதற்கு இந்தத் தாளில் கட்டமே இல்லை. தாளின் அடியில் கையால் எழுதி, புரட்டாசி பிறக்கும் முன்பே கிளினிக்கில் காட்டச் சொன்னேன், இன்சுலினையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி.