பனி மேல் பழி: சைனஸ் ஆபரேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு: காரணம் தேட வேண்டியதே இல்லை. ஊட்டியில் உறைபனி, குன்னூரில் மழை, கோத்தகிரியில் மூடுபனி. நோயாளியே காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார். படிப்பை முடித்து மேலே வேலைக்கு வரும் இளம் டாக்டர்களும் கொஞ்ச நாளில் அதையே திருப்பிச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்ததுதான். மறுபடி மறுபடி பார்க்கும்போது எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

புகை பிடிக்காதீர்கள், ஆபரேஷன் ஆனதும் மூக்கைச் சிந்தாதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

சளியோடு போய் ஸ்கேன் எடுப்பது

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதில் வரும் நோயையும் சைனஸ் என்றே சொல்கிறோம். நாள்பட்ட சைனஸ் என்றால் 12 வாரத்துக்கு மேல் நீடிப்பது. புதிதாகப் பிடித்த சளியோடு சி.டி. எடுத்தால் யாருடைய சைனஸும் நோயுற்றதாகத்தான் தெரியும். 1994-இல் அமெரிக்காவில் சாதாரண ஜலதோஷக்காரர்கள் 31 பேருக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள், 27 பேருக்குக் கன்னச் சைனஸில் மாற்றம் தெரிந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலேயே அது தெளிந்தும்விட்டது. மருந்து கொடுத்துப் பார்த்து, அப்புறமும் தீராதபோது எடுக்கும் படத்தை வைத்துத்தான் ஆபரேஷனை முடிவு செய்ய வேண்டும்.

பல்லைப் பார்க்காமல் சைனஸைத் திறப்பது

சைனஸ் ஆபரேஷன் பழகும்போது எங்களுக்கு முதலில் ஊட்டப்படுவது பயம். கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. மேலே கொஞ்சம் தப்பினால் மூளை. அதனால் சி.டி. படத்தைக் கையில் எடுத்ததும் இளம் டாக்டரின் பார்வை படத்தின் மேல் பாதிக்கே போகும். கீழே கன்னச் சைனஸின் தரையும், அதற்கும் கீழே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களும் இருக்கின்றன. அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வேர்களுக்கும் சைனஸுக்கும் இடையே பலருக்கு மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுதான். சிலருக்கு அதுவும் இல்லை, வெறும் சவ்வு. வேர் நுனியில் சீழ் கோத்தால் அது ஈறு வழியாக வராமல் மேலே சைனஸுக்குள் வடியலாம். வடிந்துவிடுவதால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாததால் பல்லும் வலிக்காது. எப்போதோ ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல் என்றால் கேட்கவே வேண்டாம், அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இதன் அடையாளம் ஒரு பக்கம் மட்டும் சீழ், அதோடு நாற்றம். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளின் நாற்றம் அது. அலர்ஜி பொதுவாக இரண்டு பக்கத்தையும்தான் படுத்தும். பனி இடது மூக்கில் மட்டும் பெய்யாது.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர் ஒருவர் வந்தார். இலையின் பதத்தை மூக்கால் சொல்ல வேண்டிய வேலை. அவருக்கு எதை முகர்ந்தாலும் அழுகல் வாடை. "மலையை விட்டு இறங்கிடு, தானா சரியாயிடும்னு சொன்னாங்க டாக்டரம்மா" என்றார். கீழே ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப் ஆபரேஷனும் ஆகியிருந்தது. உள்ளே பார்த்தேன். சைனஸின் துவாரத்தை அழகாகத் திறந்திருக்கிறார்கள், கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அழகான துவாரம் வழியாகச் சீழ் வந்துகொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். கேப் போட்ட கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம். ரிப்போர்ட்டில் பல் என்ற பேச்சே இல்லை. "பல்லா? அதுல வலியே இல்லையேம்மா" என்று அவர் மனைவி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பல் டாக்டர் அந்தப் பல்லை எடுத்தபின் சீழ் நின்றது. நான் சைனஸைத் தொடவே இல்லை.

"அந்தப் பக்கத்து மேல் பல்லில் எப்போதாவது வைத்தியம் செய்தீர்களா?" இந்த ஒரு கேள்வியை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் ஆபரேஷன் செலவு, கோவைக்குப் போய்வந்த அலைச்சல், சம்பளமில்லா லீவு எல்லாம் மிச்சம். இன்னமும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

ஆகவே, ஒரு பக்க நோய் என்றால் சி.டி. மேல் பற்களின் வேர் வரை வர வேண்டும் என்று கேட்டு எடுங்கள். சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் மேல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனி நோய் தப்பிவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் பற்களுக்கான கோன்பீம் சி.டி. இருக்கிறது. பல்லைச் சரிசெய்ததுமே பலருக்குச் சைனஸ் அடங்கிவிடும். அடங்காதவருக்கு ஆபரேஷன் வேண்டும், அதை மறுக்கவில்லை. கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் பிடுங்கியபின் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் மூக்கில் வந்தால் இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது. அதை அடைத்தால்தான் சைனஸ் ஆறும்.

இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அவ்வப்போது ரத்தம் என்றால் அது பூஞ்சை உருண்டையாகவோ கட்டியாகவோ இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் 'பாலிப்தானே' (சவ்வு வீங்கித் தொங்கும் சதை) என்று கிளினிக்கில் வைத்துப் பிடுங்கக் கூடாது.

மூக்கின் நடுச்சுவர் வளைவு

பெரும்பாலோருக்குக் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். தொந்தரவு இல்லையென்றால் தொடாதீர்கள்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து

ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

பாலிப்பை எடுத்தாயிற்று என்று ஸ்ப்ரேயை நிறுத்துவது

பாலிப் சவ்வின் நோய். ஆபரேஷன் செய்வது மருந்து உள்ளே போக வழி திறந்துவிடுவதுதான். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் உப்புத்தண்ணீர்க் கழுவலையும் விட்டால் சவ்வு பழையபடி வீங்கும். ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சு இறுகும் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

மறுநாளே மலை ஏறுவது

விமானத்தில் போகாதே என்றால் கேட்டுக்கொள்பவர், மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்து ஊட்டிக்கு ஏறிவிடுகிறார். பயணிகள் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமம். ஊட்டியே சுமார் 7,350 அடி! ஏறும்போதாவது பரவாயில்லை. செக்கப்புக்கு மறுபடி இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடக்கூட, ரத்தக்கட்டியால் அடைத்திருக்கும் சைனஸ் உள்ளே உறிஞ்சப்பட்டு வலிக்கும், ரத்தமும் கசியலாம். கீழே ஆபரேஷன் என்றால் முதல் செக்கப் முடியும்வரை அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கப் பாருங்கள். நடுராத்திரி மூக்கில் ரத்தம் கொட்டினால் எஸ்டேட் லைனிலிருந்து வண்டி கிடைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

தைலம்

முகரலாம். மூக்குக்குள் விடக் கூடாது. ஆபரேஷன் ஆன மூக்கில் சுத்தமாகக் கூடாது.

ஊற்றுத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது

மலைத் தண்ணீர் சுத்தம் என்று நம்பி, பைப்பில் வருவதை அப்படியே பிடித்துக் கழுவுகிறார்கள். மூக்கு வழியாகப் போனால் மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் அமீபா உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட வேண்டும். 6,500 அடிக்கு மேலே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம். குன்னூர் அந்த அளவுக்குக் கீழே, ஊட்டி மேலே. எது என்று யோசிப்பதற்குப் பதில் எல்லாருமே மூன்று நிமிடம் விடுங்கள். ஆறவைத்து, உப்புப் பாக்கெட்டைக் கலந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது கழுவுங்கள். மீதியை நாளைக்கு என்று பாட்டிலிலேயே வைக்காமல் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள்.