பிரிட்டிஷ் சிவில் சர்வீஸில் உச்சிப் படி வரை ஏற நினைக்கிறவர்களுக்கு

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு பெரிய தேர்வை எழுதித் தேறிவிட்டால் போதும், அப்புறம் வருஷம் ஓட ஓடப் பதவி தானாக உயரும் என்று நம்பி பிரிட்டிஷ் அரசுப் பணிக்குள் வருகிற நம்மவர்கள் நிறையப் பேர். அப்படி இங்கே எதுவும் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் விளம்பரம் வரும், நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும், உங்களால் முடியும் என்று எழுதிக் காட்ட வேண்டும், நேர்காணலில் போய் உட்கார வேண்டும். பத்து வருஷம் ஒரே நாற்காலியில் ஒழுங்காக வேலை செய்தவரைத் தாண்டி மூன்று வருஷ அனுபவக்காரர் மேலே போவது இங்கே சாதாரணம். இது முழுக்க முழுக்க எழுத்தால் ஏறுகிற வேலை, அதை எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இந்த முறைக்கு வேர் 1854இல் வெளிவந்த நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கை. அதற்கு முன்னால் பெரிய இடத்துச் சிபாரிசில்தான் அரசு வேலை கிடைத்தது. தகுதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும், எல்லோரும் போட்டியிடலாம் என்று அந்த அறிக்கை சொன்னதை 2010ஆம் வருஷச் சட்டம் ஒன்று இப்போது கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன் பின்னாளில் சென்னைக்கு கவர்னராக வந்தவர். அவருக்கு அங்கே என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன், இந்த வேலைக்கு அது ஒரு பாடம்.

சரி, படிகள். கீழே ஏ.ஓ. (நிர்வாக அலுவலர்), இ.ஓ. (எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்), அப்புறம் எச்.இ.ஓ. (ஹையர் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்), எஸ்.இ.ஓ. (சீனியர் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்), அதற்கு மேல் கிரேடு 7, கிரேடு 6. இதையெல்லாம் தாண்டினால்தான் சீனியர் சிவில் சர்வீஸ் தொடங்குகிறது: டெபுடி டைரக்டர், டைரக்டர், டைரக்டர் ஜெனரல், துறையின் உச்சியில் பெர்மனெண்ட் செக்ரட்டரி. பட்டதாரிகளுக்கு ஃபாஸ்ட் ஸ்ட்ரீம் என்று ஒரு வேகப் பாதை இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் உடைந்து போகாதீர்கள், இ.ஓ.வாக நுழைந்து மேலே போனவர்கள் உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் என்ற கணக்கில் பெரும்பாலான பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை கையில் இருக்க வேண்டும். வெளியுறவு, உளவு போன்ற சில இடங்கள் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும். எஸ்.சி. என்கிற பாதுகாப்புச் சோதனை தேவைப்படும் வேலை என்றால் வழக்கமாக 5 வருஷமாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும், அதைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்தவர் உச்சிக்குப் போக முடியுமா என்று கேட்டால், மேற்கு வங்காளத்து ஜல்பைகுரியில் பிறந்த சுமா சக்ரபர்த்தி 2002இல் சர்வதேச வளர்ச்சித் துறைக்குப் பெர்மனெண்ட் செக்ரட்டரி ஆனார், அதன் பிறகு நீதித் துறைக்கும் ஆனார்.

விண்ணப்பத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தோற்கிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 'பிஹேவியர்', அதாவது வேலையில் நடந்துகொள்ளும் விதம், என்று ஒன்பது இருக்கின்றன: முடிவெடுப்பது, சேர்ந்து வேலை செய்வது, தலைமை ஏற்பது, இப்படி. விளம்பரம் அவற்றில் சிலவற்றைக் கேட்கும், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 250 வார்த்தைதான் தருவார்கள். நீங்கள் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்து, நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்று எழுத வேண்டும். படிக்கிறவர் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார், சாதாரணமாக 4 வந்தால்தான் உள்ளே. உங்கள் பெயரை மறைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் படிப்பார்கள், ஆகவே தெரிந்தவர் என்பதெல்லாம் அங்கே உதவாது.

நாம் வளர்ந்த முறையில் 'நான்' என்று சொல்லவே கூச்சம், எல்லாம் 'நாங்கள்'தான். 'நாங்கள் விண்ணப்பத் தேக்கத்தைக் குறைத்தோம்' என்று எழுதினால் அடக்கம் தெரியும், மதிப்பெண் வராது. 'திருப்பி அனுப்பப்பட்ட 60 விண்ணப்பங்களை எடுத்துப் படித்தேன், பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் தடுக்கி விழுந்திருந்தது தெரிந்தது, அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்று சட்டப் பிரிவை ஒப்புக்கொள்ள வைத்தேன், அடுத்த மாதமே திரும்பி வருவது குறைந்தது' என்று எழுதுங்கள். நிலைமையை இரண்டு வரியில் முடித்துவிட்டு, பாதிக்கு மேல் இடத்தை நீங்கள் செய்ததற்கே கொடுங்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு எந்த வழியை யோசித்து விட்டுவிட்டீர்கள் என்பதையும் சேர்த்தால், கிரேடு 7க்கு மேல் அதுதான் வித்தியாசம் காட்டும். இதற்காக ஒரு நோட்டு வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் அந்த மாதம் செய்ததை எழுதி வையுங்கள், விளம்பரம் வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் எண்களெல்லாம் மறந்து போயிருக்கும்.

அடுத்து, எந்த வேலையைத் தேடிப் போவது என்பது. அமைச்சரின் பிரைவேட் ஆபீஸ்தான் இருப்பதிலேயே பெரிய பள்ளிக்கூடம். துறை முழுவதிலிருந்தும் அமைச்சருக்குப் போகிற குறிப்புகள் உங்கள் கை வழியாகத்தான் போகும், எந்தக் குறிப்பை அமைச்சர் முதல் பக்கத்திலேயே புரிந்துகொள்கிறார், எதை ஒதுக்கி வைக்கிறார் என்று தினமும் கண்ணால் பார்ப்பீர்கள். ஜெரமி ஹேவுட் 1983இல் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பில் பொருளாதார வல்லுநராகத் தொடங்கியவர். டிரஷரிக்கு, அதாவது நிதித் துறைக்கு மாறி, நிதியமைச்சரின் தலைமைத் தனிச் செயலாளராகி, 1999இல் பிரதமர் டோனி பிளேருக்கும் அதே வேலையைச் செய்து, நடுவில் ஒரு வங்கிக்குப் போய்த் திரும்பி வந்து, 2012இல் சிவில் சர்வீஸின் உச்சப் பதவியான கேபினட் செயலாளர் ஆனார். அவருக்கு முன் இருந்த கஸ் ஓடானல் கிளாஸ்கோவில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்துவிட்டு 1979இல் டிரஷரியில் சேர்ந்தவர். வேறிடத்தில் சில வருஷம் இருந்தது இரண்டு பேருக்கும் குறையாக ஆகவில்லை.

ஆனால் பிரைவேட் ஆபீஸில் நேரம் காலம் கிடையாது, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அது கஷ்டம். அப்படியானால் ஒரு மசோதாவைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றும் குழுவில் சேருங்கள், அல்லது நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் வரித் துறை மையத்திலோ வேலைவாய்ப்பு, ஓய்வூதியத் துறையிலோ ஆட்களை நடத்திப் பழகுங்கள். கொள்கைக் குறிப்பு மட்டுமே எழுதிப் பழகியவர் மேல்தட்டு நேர்காணலில் இந்த இடத்தில்தான் தடுமாறுவார். லண்டனில்தான் இருந்தாக வேண்டும் என்பதும் முன்பு மாதிரி இல்லை, டிரஷரியே வட இங்கிலாந்தின் டார்லிங்டனில் ஒரு அலுவலகம் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட மேலே போகப் போகத் தேவைப்படுவது, முடியாது என்பதை எழுத்தில் சொல்லும் திறமை. பெர்மனெண்ட் செக்ரட்டரி தன் துறையின் செலவுக்குப் பாராளுமன்றத்திடம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர். அமைச்சர் கேட்கும் செலவு முறையற்றது, அல்லது பணத்துக்குத் தகுந்த பலன் தராது என்று பட்டால், 'நீங்கள் எழுத்தில் உத்தரவு கொடுங்கள், செய்கிறேன்' என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1991இல் மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி தர அமைச்சர்கள் முடிவு செய்தபோது, வெளிநாட்டு உதவித் துறையின் தலைவர் டிம் லான்கெஸ்டர் இது பணத்துக்குத் தகுந்த திட்டம் இல்லை என்று எழுதி வைத்தார். வெளியுறவு அமைச்சர் உத்தரவு கொடுத்தார், பணமும் போனது. 1994இல் உயர் நீதிமன்றம் அந்த உதவியே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் எழுதி வைத்தது கோப்பில் அப்படியே இருந்தது.

டிரெவெல்யன் இதற்கு நேர் எதிர். சென்னை கவர்னராக இருந்தபோது கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசின் வரித் திட்டத்தை எதிர்த்தார், எதிர்த்ததோடு நிற்காமல் அதைப் பத்திரிகையில் வரவும் விட்டார், 1860இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கருத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம், போன வழிதான் தப்பு. அதனால் கிரேடு 7இல் இருக்கும்போதே, குறிப்பின் கடைசிப் பத்தியில் அபாயத்தை மழுப்பாமல் எழுதப் பழகுங்கள், அமைச்சர் முடிவு செய்த பிறகு முழு மனதோடு அதைச் செய்யுங்கள், வெளியில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். சமூக ஊடகத்தில் கட்சி அரசியலும் கூடாது, நாளைக்கு எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் அவர்களுக்கும் நீங்கள்தான் வேலை செய்யப் போகிறீர்கள்.

விலகும்போதும் ஒரு விதி உண்டு. மேல்தட்டில் இருந்தவர் தனியார் வேலைக்குப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், காத்திருக்கச் சொல்லலாம், பழைய சகாக்களிடம் போய்ப் புது முதலாளிக்காகப் பேசக்கூடாது என்று இரண்டு வருஷம் வரை தடையும் போடலாம். புது வேலைக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.