கார்டினியாத் தொட்டியில் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சியை வளரவிடுவது எப்படி?

பெங்களூரு வீடுகளில் கார்டினியா என்னும் மணமுள்ள வெள்ளைப் பூச்செடியை வளர்ப்பவர்கள், இலைகள் அரிக்கப்பட்டுச் செடியின் அடியில் கரிய உருண்டைகளாக எச்சம் கிடப்பதைக் கண்டதும் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள். மருந்தை எடுக்கும் முன், அந்த எச்சத்துக்கு நேர் மேலே உள்ள கிளையை நிதானமாகப் பாருங்கள். வால்பகுதியில் ஒற்றைக் கொம்புடன் ஒரு பச்சைப் புழு இருந்தால், அது பெரும்பாலும் 1771இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட செபனோடஸ் ஹைலஸ் என்னும், பட்டப்பகலில் பறக்கும் இந்தக் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சியின் புழுவாகவே இருக்கும். அந்தக் கொம்பு கொட்டாது. நந்தியாவட்டையிலும் அரளியிலும் காணப்படும், தலையருகே நீலக் கண் போன்ற புள்ளிகள் கொண்ட பெரிய புழு வேறு இனம்.

கார்டினியாவும் காபியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இப்புழு காபி இலையையும் உண்ணும். நன்கு வேர்பிடித்த செடி சில புழுக்களைத் தாங்கி மீண்டும் தளிர்த்துவிடும். செடி மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் புழுவைப் பக்கத்துக் கார்டினியாவுக்கு இலையோடு மாற்றிவிடலாம். மருந்து அடித்த நர்சரிச் செடியில் விடக் கூடாது.

முழு வளர்ச்சி அடைந்த புழு நிறம் மங்கிக் கீழே இறங்கி, சருகுக்கு அடியிலோ மேல்மண்ணிலோ கூட்டுப்புழுவாக மாறும். பலரும் கவனிக்காத கட்டம் இதுதான். ஆகவே அந்த வாரங்களில் தொட்டி மண்ணைக் கிளறாதீர்கள், சருகைப் பெருக்கித் தள்ளாதீர்கள், நீரை ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள்.

வெளிவரும் பூச்சியைக் காணும் வாய்ப்பு அமைந்தால், முதல் பறத்தலை அவசியம் பாருங்கள். அப்போது சிறகுகள் சாம்பல் நிறச் செதில்களால் மூடப்பட்டிருக்கும். அது சிறகடிக்கத் தொடங்கியதும் அச்செதில்கள் தூளாக உதிர, நரம்புகள் மட்டும் கோடிட்ட தெளிந்த கண்ணாடிச் சிறகு வெளிப்படும். இதைவிட அழகான காட்சி மாடித் தோட்டத்தில் வேறில்லை என்பது என் எண்ணம்.

வளர்ந்த பூச்சியைப் பலர் வண்டு என்றோ தேன்சிட்டுக் குஞ்சு என்றோ எண்ணிவிடுகிறார்கள். பசுமஞ்சள் உடல், வயிற்றின் நடுவே செம்பழுப்புப் பட்டை, வால்நுனியில் கரிய மயிர்க்கொத்து ஆகியவை இதன் அடையாளங்கள். பூவில் அமராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். அதற்காகக் கார்டினியாவுக்கு அருகில், வெயில் படும் இடத்தில் பென்டாஸ் என்னும் பூச்செடியை வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், மாதந்தோறும் மருந்து தெளிக்கும் தோட்டக்காரரிடம் இந்தச் செடிகளை விட்டுவிடுமாறு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.