பாக்கெட்டில் இல்லாத போன் அதிர்ந்தது

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் 'ஸ்க்ரீன் டைம்' பார்த்தேன். சராசரியாக நாளுக்கு 7 மணி 12 நிமிடம். அதில் படிப்புக்கு அரை மணி நேரம் தேறினால் பெரிது. ரீல்ஸ் ஆப்பைக் காலையில் அழிப்பேன். ராத்திரி 11 மணிக்குத் திரும்ப இறக்குவேன்.

கடைசியில் கைகொடுத்தது சூரிய நமஸ்காரம். பள்ளியில் பி.டி. சார் விரட்டி விரட்டிச் செய்யவைத்த அதே 12 நிலைகள்தான். இந்த முறை வேகத்தைக் குறைத்தேன். கையைத் தூக்கும்போது மூச்சை இழுப்பது, குனியும்போது விடுவது; ஒரு சுற்றுக்கு ரெண்டு நிமிடம். காலை 6 மணிக்கு விடுதி மொட்டை மாடியில் 5 சுற்று. போன் அறையில், பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள்.

மூன்றாம் நாள் புஜங்காசனத்தில், அதாவது குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் நிலையில் இருக்கும்போது வலது தொடையில் போன் அதிர்ந்தது. பாக்கெட்டே இல்லாத டிராக் பேன்ட்! உள்ளங்கை தரையில் பதிந்திருக்க, கட்டைவிரல் மட்டும் எதையோ மேலே தள்ளுவதுபோல் அசைந்தது. அதை அடக்கவில்லை. நாலைந்து மூச்சு வரை சும்மா கவனித்தேன், தானாக நின்றுவிட்டது.

அப்புறம் பகலிலும் அதையே செய்தேன். போனை எடுக்கத் தோன்றினால் எழுந்து நின்று, கைகளை உயர்த்தி, மூன்று மூச்சு. நூலகத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, பாதிப் பெருமை 180 ரூபாய் அலாரம் கடிகாரத்துக்கும் உண்டு. அது வந்த பிறகுதான் போன் தலையணையை விட்டுப் போனது. ஆறாவது வாரம் ஸ்க்ரீன் டைம் நாளுக்கு 3 மணி 40 நிமிடம். செமஸ்டர் முடிந்த வாரம் மறுபடி 5 மணி நேரத்தைத் தொட்டது. மழையால் அந்த வாரம் மாடிக்கே போகவில்லை.