‘ஒரு பி.டி.எஃப்தானே’ என்று இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

புத்தகத்தின் பெயரைத் தேடுபொறியில் போட்டு, பக்கத்தில் ‘பி.டி.எஃப் இலவசம்’ என்று சேர்த்துத் தட்டாதவர்கள் நம்மில் குறைவு. நானும் தட்டியிருக்கிறேன், அதனால் உபதேசம் செய்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அப்போதெல்லாம் ஒரு கேள்வி மட்டும் தோன்றியதே இல்லை: இந்தக் கோப்பை மெனக்கெட்டு ஏற்றி வைத்தவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

முதல் தவறு, வந்து விழுந்ததைப் பார்க்காமல் திறப்பது. அந்தத் தளங்களில் பச்சை நிறத்தில் மூன்று டவுன்லோட் பொத்தான்கள் இருக்கும், இரண்டு விளம்பரம், மூன்றாவதும் இரண்டு பக்கம் சுற்றவிட்டுத்தான் கோப்பைத் தரும். பெயர் ‘நாவல்.பி.டி.எஃப்’ என்று தெரியும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை (கோப்பு எந்த வகை என்று சொல்லும், பெயரின் கடைசிப் பகுதியை) மறைத்து வைப்பதே வழக்கம் என்பதால், அதற்கும் பின்னால் ஒட்டியிருக்கிற ‘.இ.எக்ஸ்.இ’ கண்ணில் படாது, தட்டினால் புத்தகத்துக்குப் பதில் ஏதோ ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும். அமைப்புகளில் போய்ப் பின்னொட்டைக் காட்டச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. நிஜமான பி.டி.எஃப் ஆனாலும் அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் வைக்க முடியும், அப்டேட் செய்யாத பழைய ரீடரில் அது வம்பு செய்யும். அப்புறம், ‘இந்த ஆப்பைப் போட்டால்தான் புத்தகம் திறக்கும்’ என்று ஏ.பி.கே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு, வந்தால் யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள். கதை படிக்கிற ஆப்புக்கு உங்கள் எஸ்.எம்.எஸ்ஸைப் பார்க்கும் அனுமதி எதற்கு?

இதைவிடப் பெரிய தவறு, அங்கே கணக்கு தொடங்குவது, அதுவும் எல்லா இடத்துக்கும் போடுகிற அதே கடவுச்சொல்லை வைத்து. திருட்டு மின்னூல்களுக்குப் பேர்போன இசட்-லைப்ரரியின் டொமைன்களை (இணைய முகவரிகளை) 2022 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் முடக்கினார்கள். அந்தப் பெயரில் போலித் தளங்களும் உண்டு, அவற்றில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 1 கோடி பேரின் விவரங்கள் 2024-ல் கசிந்தன: மின்னஞ்சல், பயனர் பெயர், மறையாக்கம் செய்த கடவுச்சொல், சிலருடைய கிரிப்டோ வாலட் முகவரி வரை. திருட்டுத் தளத்துக்கே திருட்டு நகல்! யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

‘நான் இறக்கினேன், அவ்வளவுதான், யாருக்கும் கொடுக்கவில்லை’ என்பார்கள். பயனர்கள் தங்களுக்குள்ளேயே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் டோரண்டில் அது எடுபடாது. கோப்பு துண்டு துண்டாக உங்களுக்கு வந்துகொண்டிருக்கும்போதே, வந்த துண்டுகள் உங்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும், உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐ.பி முகவரியும் அந்தக் கூட்டத்தில் இருக்கிற எவர் கண்ணுக்கும் தெரியும்.

சரி, எழுத்தாளர் பக்கம் வருவோம். ‘அவர் பெரிய ஆள், நான் ஒருவன் வாங்காததால் என்ன ஆகிவிடும்’ என்பதுதான் அதிகம் கேட்கிற சமாதானம். பெரிய ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் புத்தகம் பகிரப்பட்ட அதே குரூப்பில் அடுத்த கோப்பு, சொந்தமாகப் பதிப்பித்து, அட்டைக்கும் மெய்ப்புக்கும் கைக்காசைப் போட்ட ஒருவருடையது. சொந்தமாகப் பதிப்பிப்பவர்களுக்கான அமேசானின் கே.டி.பி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது என்பது நிபந்தனை. யாரோ அதைத் திருடி ஏற்றிவிட, ‘உங்கள் புத்தகம் வெளியே கிடைக்கிறதே’ என்று எச்சரிக்கை மடல் வாங்கிய எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ராயல்டி போனது ஒரு பக்கம், தன் புத்தகம் தன்னுடையதுதான் என்று விளக்கம் எழுதும் வேலை வேறு. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

‘எழுதியவர் செத்து நூறு வருஷமாச்சு’ என்பதும் பாதி உண்மைதான். மூலத்தின் காப்புரிமை முடிந்திருக்கலாம். காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 60 அல்லது 70. ஆனால் போன வருடம் வந்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அந்த மொழிபெயர்ப்பாளர் உயிரோடுதான் இருக்கிறார்.

காசு கொடுத்துவிட்டால் கவலையில்லை என்பதும் தப்புக் கணக்கு. 2009-ல் ஆர்வெல்லின் ‘1984’ஐக் கிண்டிலில் வாங்கிய சிலருக்கு ஒரு நாள் புத்தகமே காணாமல் போனது. விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் வாசகர்களின் கருவியிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆகவே வாங்கும்போதும் பதிப்பாளர் பெயரைப் பாருங்கள். மலிவாகக் கட்டுக்கட்டாக மின்னூல் தருகிறேன் என்று தெரியாத எண்ணிலிருந்து வருபவரிடம் கொடுப்பது திருடனுக்குக் கொடுக்கிற சம்பளம்.

தரத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இறக்கிய ஒரு நாவலில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது, கொலையாளி யார் என்று தெரிய வேண்டிய 16 பக்கங்கள் மட்டும் இல்லை.

இலவசமாகத்தான் வேண்டும் என்றால் நேர்வழிகள் இருக்கின்றன. 1971-ல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் 70,000-க்கு மேல் நூல்கள், பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம், இரண்டும் தன்னார்வலர்கள் வளர்த்தவை. நூலக உறுப்பினராக இருந்தால் லிப்பி (Libby) போன்ற ஆப்களில் மின்னூலை இரவல் வாங்கலாம், உங்கள் நூலகம் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை தேவை என்றால் எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே முகவரி இருக்கும். நான் கேட்டவர்களில் ஒருவர், கேட்காத இன்னும் இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து அனுப்பினார்.