இடுப்பு வலிக்குக் காரணம் தெரியாதபோது நாம் செய்கிற தவறுகள்

"எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் "இடுப்பு". முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தமிழில் இடுப்பு என்பது ரொம்பப் பெரிய இடம். கீழ்முதுகும் இடுப்புதான், பெல்ட் கட்டும் இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்கவாட்டு எலும்பும் இடுப்புதான். தொடை எலும்பின் பந்து பொருந்தும் மூட்டையும் இடுப்பு மூட்டு என்கிறோம். ஆனால் அந்த மூட்டு நாம் கை வைத்து நிற்கிற இடத்தில் இல்லை. உள்ளே, தொடை இடுக்குக்கு நேர் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அதனால் மூட்டில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும்.

எனக்கு வலது பக்கம் வலி வந்தபோது நானும் "இடுப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகைப் படம் எடுத்தார்கள், முதுகுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், நாலு மாதம் போனது. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட், "வாயால சொல்ல வேண்டாம், கையால காட்டுங்க" என்றார். என் கை தானாகப் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்தது. கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடை இடுக்கை நோக்கி. இடுப்பு மூட்டில் கோளாறு உள்ள பலர் இப்படித்தான் காட்டுவார்கள் என்றார். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி மார்புப் பக்கம் கொண்டுவந்து, தொடையை உள்பக்கமாகத் திருப்பினார். சுரீரென்று அதே வலி. அந்த ஒரு சோதனையால் எதுவும் உறுதியாகிவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்தது.

எனவே இடத்தை விரலால் காட்டுங்கள். எப்படி வலிக்கிறது என்பதையும் நம் சொற்களிலேயே சொல்லுங்கள். குத்துகிறதா, கடுக்கிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, எரிச்சலோடு காலில் இறங்கி மரத்துப்போகிறதா? கடைசியாகச் சொன்னது நரம்பைக் காட்டும். சாக்ஸ் போடும்போதும் காரிலிருந்து இறங்கும்போதும் தொடை இடுக்கில் பிடித்தால் மூட்டைச் சந்தேகிக்கலாம். இருமும்போது அங்கே ஒரு புடைப்பு எழுந்தால் குடலிறக்கமாக (ஹெர்னியா) இருக்கலாம். விலாவுக்குக் கீழே தொடங்கி அலை அலையாகத் தொடை இடுக்குக்கு இறங்கி, ஒரு நிலையில் இருக்க விடாமல் புரட்டி எடுத்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிக் கூடிக் குறைந்தால் எலும்பு மருத்துவரோடு நிற்காமல் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கே டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருப்பது) தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 50 வயதினரில் 60 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை! ஆகவே ரிப்போர்ட்டில் "பிதுக்கம்" என்று இருப்பதாலேயே உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. டாக்டர் உடலைச் சோதித்துக் கண்டறிவதோடு படமும் ஒத்துப்போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. எக்ஸ்ரே நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பது. தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது பட்டுப்போகிற நோயில், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் அதிகம் குடிப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். ஓட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டியவருக்கு, காலை ஊன்றினால் தொடை இடுக்கில் வலித்தால், தொடை எலும்பின் கழுத்தில், அதாவது பந்துக்குக் கீழே குறுகும் இடத்தில், மெல்லிய விரிசல் இருக்கலாம். அதுவும் முதலில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். எம்ஆர்ஐ தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். அதுவரை ஓட வேண்டாம்.

படுத்தே கிடப்பதும் தவறுதான். முதுகுவலிக்கு 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களையும் 7 நாள் சொல்லப்பட்டவர்களையும் 1986-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் ஓய்வால் கூடுதல் பலன் இல்லை, வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடின. அதற்காக வலிக்க வலிக்க இழுத்து நீட்டவும் கூடாது. இடுப்பின் பக்கவாட்டில், தொட்டாலே வலிக்கிற வகை ஒன்று உண்டு. பெரும்பாலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் பிரச்சினை. கால் மேல் கால் போடுவதும், காலைக் குறுக்கே இழுத்து நீட்டுவதும் அதை இன்னும் கிளறிவிடும். படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தாலே கொஞ்சம் இதமாக இருக்கும்.

வலி மாத்திரையை யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே போவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இளவயதினருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் குறையாமல் இருக்கிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். "உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், அதனால்தான்" என்று சொல்லிச் சொல்லியே பலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன. மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. இரு தொடைகளுக்கு நடுவே, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமலே போவது, இரண்டு கால்களும் தளர்வது, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது, காய்ச்சலோடு வரும் வலி, வயதானவருக்கு மயக்கத்தோடு வயிறும் முதுகும் சேர்ந்து திடீரென்று வலிப்பது, விதைப்பையில் திடீர் வலி. இவற்றுக்கு அன்றே, அந்த நேரமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் அதைக் காப்பாற்ற சுமார் 6 மணி நேரம்தான் இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, காரணம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். முதுகும் இடுப்பு மூட்டும் ஒன்றாகக் கெட்டு, ஒன்றின் வலியை இன்னொன்று மறைக்கும் நிலையை மருத்துவர்கள் 1983-லேயே தனியாகப் பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரித்தறிய, மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்திப் பார்ப்பது ஒரு வழி. எனக்கும் செய்தார்கள். அரை மணி நேரம் கழித்து சாக்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். குனிந்தேன், தொடை இடுக்கில் வலி துளியும் இல்லை. கீழ்முதுகு மட்டும் எப்போதும்போல லேசாகக் கடுத்துக்கொண்டிருந்தது.