வீட்டிலேயே உருளைக்கிழங்கு க்னிஷ்

க்னிஷ் என்பது மாவுக்குள் மசியல் வைத்துச் சுடுகிற, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுபோன பலகாரம். இரண்டரை கப் மைதா, ஒரு முட்டை, அரை கப் எண்ணெய், அரை கப் தண்ணீர், உப்பும் பேக்கிங் பவுடரும் தலா ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

ருசியெல்லாம் வெங்காயத்தில்தான். மூன்று பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் அரை மணி நேரமாவது வதக்க வேண்டும், பொன்னிறம் போதாது, வெல்லப்பாகு நிறம் வந்து ஓரம் முறுக வேண்டும். அந்தக் காலத்தில் இதற்குக் கோழிக்கொழுப்புதான். முக்கால் கிலோ கிழங்கை வேகவைத்து மசித்து இதோடு கலந்து, மிளகைத் தாராளமாகப் போடுங்கள்.

அப்புறம் மாவை அடியில் விரித்த துணியின் பூ தெரிகிற அளவு மெல்லிசாக இழுத்து, மசியலை வைத்துச் சுருட்டி, துண்டுகளாக்கி, முனைகளைத் திருகி மூடி, முட்டை தடவி அவனில் 190 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் சுடுங்கள். தொட்டுக்கொள்ளக் கடுகு சாஸ், கெச்சப் வேண்டாம்.